மாத்திரைக்குக் கணக்கு இருந்தும் மரணம் ஏன் குறையவில்லை?

அமெரிக்காவில் அபினியைப் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளை எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தார், எந்தக் கடையில், எந்தத் தேதியில், யார் வாங்கினார் என்பதெல்லாம் கணினியில் பதிவாகிறதே, பிறகு எப்படி ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் ஓவர்டோஸால் இறந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதே போன்ற பதிவேடு இந்தியாவுக்கும் வேண்டும் என்ற பேச்சில் பொருள் உண்டா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் இது: பதிவேடு ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிய காலத்தில், உயிரை எடுத்துக்கொண்டிருந்த பொருள் அந்தப் பதிவேட்டுக்குள் வருகிற பொருளாக இல்லை. அதைவிட வருத்தமான செய்தி, மாத்திரையே உயிரை எடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் கணக்கு இருந்தது என்பதுதான். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை.

கதை மாத்திரையில்தான் தொடங்குகிறது. ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு அடங்கிய, பர்டியூ ஃபார்மா நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் 1995 டிசம்பரில் அனுமதி பெற்று 1996இல் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகக் கரையும் மாத்திரை என்பதால் போதைக்காக அதை யாரும் நாடமாட்டார்கள் என்ற நம்பிக்கை மருந்தின் விவரத்தாளிலேயே அச்சிடப்பட்டிருந்தது. மாத்திரையை நசுக்கினால் பன்னிரண்டு மணி நேர மருந்தும் ஒரே நேரத்தில் உடலுக்குள் போய்விடும் என்பதைத் தெருவில் இருந்தவர்கள் வெகு விரைவில் கண்டுகொண்டார்கள். ஓபியாய்டு தரப்பட்ட நோயாளிகளில் அடிமையாகிறவர்கள் மிக அரிது என்று மருத்துவர்களுக்குச் சொல்லப்பட்டதற்கு அடிக்கடி காட்டப்பட்ட ஆதாரம், 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஒரே பத்தி அளவிலான வாசகர் கடிதம். 11,882 உள்நோயாளிகளில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்றது அக்கடிதம். மருத்துவமனைக் கட்டிலில், செவிலியர் கண்காணிப்பில், சில நாள் மட்டும் மருந்து பெற்றவர்களைப் பற்றிய குறிப்பு அது. வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 2017இல் அவ்விதழே அக்கடிதத்தின் மேல் ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. அதற்குள் அது அறுநூறு தடவைக்கு மேல் மேற்கோளாக ஆளப்பட்டுவிட்டது.

இனி, யாரும் பார்க்காத கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் போதைப்பொருள் அமலாக்க நிறுவனமான டிஇஏ, ஆர்கோஸ் என்ற பெயரில் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. உற்பத்தியாளரிடமிருந்தும் மொத்த விநியோகஸ்தரிடமிருந்தும் எந்தக் கடைக்கு எத்தனை மாத்திரை போனது என்பது அதில் பதிவாகும். மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று ஓர் ஊர். மக்கள்தொகை ஏறக்குறைய 400. அந்த ஊரின் ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டு ஆண்டுகளில் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு மாத்திரைகள் கிட்டத்தட்ட 90 லட்சம் அனுப்பப்பட்டிருந்தன. இதை வெளிக்கொண்டு வந்தவர் சார்ல்ஸ்டன் கெசட்-மெயில் என்ற உள்ளூர் நாளிதழின் எரிக் ஐர். அவருக்கு 2017இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பிறகு நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பத்திரிகைகளால் 2019 ஜூலையில் நாடு முழுவதற்குமான தரவு வெளியானது. 2006 முதல் 2012 வரை 7,600 கோடி ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் மாத்திரைகள். இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோதே அரசின் கணினியில் பதிவாகியிருந்தவை. பதிவேடு இல்லாததால்தான் பேரழிவு நேர்ந்தது என்று யாராவது சொன்னால், கெர்மிட்டைக் காட்டிக் கேட்கலாம்.

நீங்கள் குறிப்பிடும் பதிவேடு ஆர்கோஸ் அல்ல. பிடிஎம்பி என்று அழைக்கப்படும் மருந்துச்சீட்டுக் கண்காணிப்புத் திட்டம். இது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. கலிபோர்னியாவில் இதன் பழைய வடிவம் 1939இலேயே இருந்தது. கென்டக்கி மாநிலம் 1999இல் காஸ்பர் என்ற மின்னணுப் பதிவேட்டைத் தொடங்கி, 2012இல் அதைப் பார்த்த பிறகே மருத்துவர் சீட்டு எழுத வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கடைசி மாநிலமான மிசௌரி 2021இல்தான் இதற்குச் சட்டம் கொண்டு வந்தது. செயல்முறை எளியது. நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் இட்டால், கடந்த மாதங்களில் அவர் வாங்கிய கட்டுப்பாட்டு மருந்துகள் தேதி வாரியாகத் திரையில் வரும்: மருந்து, அளவு, எத்தனை நாளைக்கு, எழுதியவர், கொடுத்த கடை. பக்கத்தில் எல்லா மருந்துகளையும் மார்ஃபின் அளவுக்கு மாற்றிக் கூட்டிய ஒரு நாள் கணக்கும் இருக்கும். ஒரே மாதத்தில் ஐந்து மருத்துவரிடம் போய் ஐந்து சீட்டு வாங்கியவர் இருந்தால் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

இதனால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். புளோரிடாவில் 2010 வாக்கில் வலி மருத்துவமனை என்ற பலகையை மாட்டிக்கொண்டு, பரிசோதனை என்று பெயருக்கு எதையோ செய்து, ரொக்கத்துக்கு ஆக்ஸிகோடோன் விற்ற கடைகள் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் இருந்தன. கென்டக்கியிலிருந்தும் ஒஹாயோவிலிருந்தும் வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். மாநில அரசு அவற்றை மூடவைத்து, மருத்துவரே மாத்திரை விற்பதைத் தடுத்து, 2011இல் பதிவேட்டையும் தொடங்கியதும் ஆக்ஸிகோடோன் மரண விகிதம் இரண்டே ஆண்டில் ஏறக்குறையப் பாதியானது. ஆனால் அந்த வெற்றியைப் பதிவேட்டின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியல்ல. கடையை மூடியதும் மருத்துவரைக் கைது செய்ததும்தான் பெரும்பகுதி வேலையைச் செய்தன.

அப்போதே வேறொரு மாற்றமும் நடந்தது. 2010 ஆகஸ்டில் பர்டியூ, நசுக்க முடியாத வகையில் ஆக்ஸிகான்டினை மாற்றி வெளியிட்டது. ஏற்கெனவே உடல் பழகிப்போனவர்களுக்கு அது நோயைத் தீர்க்கவில்லை. அவர்கள் விலை குறைந்த ஹெராயினுக்குப் போனார்கள். 2013 முதல் அந்த ஹெராயினுக்குள் ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு வந்தது. ஹெராயினைப் போல ஐம்பது மடங்கு வீரியம். கசகசாத் தோட்டம் வேண்டாம், ஒரு ரசாயனக் கூடம் போதும். ஆய்வாளர்கள் இவற்றை மூன்று அலைகள் என்று எழுதுகிறார்கள். எண்களில் பாருங்கள். 2012இல் அமெரிக்க மருந்துக்கடைகள் ஏறக்குறைய 25.5 கோடி ஓபியாய்டு சீட்டுகளுக்கு மருந்து கொடுத்தன. 2020இல் அது 14.3 கோடியாக இறங்கியது. அதே 2012இல் எல்லாப் போதைப்பொருள்களாலும் நேர்ந்த ஓவர்டோஸ் மரணங்கள் 41,502, 2020இல் 91,799. சீட்டு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது, மரணம் இரட்டிப்புக்கு மேல் போனது. உங்கள் முதல் கேள்விக்கான பதில் முழுவதும் இந்த நான்கு எண்களுக்குள் அடங்கிவிடும்.

மாத்திரையைக் கண்காணிப்பதில் இன்னொரு தீங்கும் விளைந்தது. நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், அதாவது சிடிசி, 2016இல் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான அளவைத் தாண்டுவதைத் தவிர்க்க வேண்டும், தாண்டினால் காரணத்தை ஆராய வேண்டும் என்ற ஆலோசனை அது. காப்பீட்டு நிறுவனங்களும் சில மாநிலங்களும் மருத்துவமனை நிர்வாகங்களும் அந்த ஆலோசனையைச் சட்டமாகவே நடத்தின. பல ஆண்டுகளாக ஒரே அளவில் மருந்து எடுத்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாள்பட்ட வலி நோயாளிகளின் மருந்து திடீரென்று பாதியாக்கப்பட்டது அல்லது நிறுத்தப்பட்டது. சிலர் தெருவில் வாங்கப் போனார்கள், தற்கொலைகளும் நேர்ந்தன. 2019 ஏப்ரலில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அதாவது எஃப்டிஏ, திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று வெளிப்படையாக எச்சரிக்க வேண்டியதாயிற்று. சிடிசியும் 2022இல் வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியது. திரையில் தெரியும் எண்ணைக் குறைத்துக் காட்டுவது எளிது, நோயாளியைக் கவனிப்பது கடினம். நிர்வாகங்கள் எளியதையே தேர்ந்தெடுத்தன.

இறந்தவர்களை எண்ணுவதும் நீங்கள் நினைப்பது போல நேரான காரியம் அல்ல. அமெரிக்காவில் ஐயத்துக்குரிய மரணத்தை விசாரிப்பவர் சில கவுன்ட்டிகளில் தடயவியல் பயிற்சி பெற்ற மருத்துவர். வேறு பல கவுன்ட்டிகளில் கொரோனர் எனப்படும், தேர்தலில் வென்று வந்த ஒருவர். அவருக்கு மருத்துவப் படிப்பு இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் கட்டாயம் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வர வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் ஆகும். அதன் பிறகு இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற வரியில் ஒருவர் 'ஃபென்டனில், கோகெய்ன் நச்சேற்றம்' என்று எழுதுவார். இன்னொருவர் 'போதைப்பொருள் மிகையளவு' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடுவார். முதல் சான்றிதழுக்கு, தற்செயல் நச்சேற்றம் என்ற குறியீட்டோடு, ஃபென்டனில் அடங்கும் டி40.4 என்ற குறியீடும் கோகெய்னுக்கு டி40.5 என்ற குறியீடும் கிடைக்கும். இரண்டாவதற்கு, எந்தப் பொருள் என்று தெரியாத டி50.9தான். இரண்டாவது சான்றிதழுக்கு உரியவர் ஃபென்டனிலால் இறந்திருந்தாலும் ஓபியாய்டு மரணங்களின் எண்ணிக்கையில் வரமாட்டார். கிறிஸ்டோபர் ரூம் என்ற பொருளியல் அறிஞர் இத்தகைய சான்றிதழ்களைத் திருத்திக் கணக்கிட்டபோது, 2014ஆம் ஆண்டின் உண்மையான ஓபியாய்டு மரண விகிதம் வெளியிடப்பட்டதைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகம் என்று தெரிந்தது.

இன்னும் நுட்பமான பிழைகள் உண்டு. ஹெராயின் ரத்தத்துக்குள் போன சில நிமிடங்களில் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபினாகவும் பிறகு மார்ஃபினாகவும் மாறிவிடும். அந்த இடைப்பொருள் பரிசோதனையில் அகப்படாவிட்டால் அறிக்கையில் மார்ஃபின் மட்டுமே இருக்கும்; தெருவில் வாங்கிய ஹெராயினால் இறந்தவர், மருத்துவர் எழுதிய மருந்தால் இறந்தவராகப் பட்டியலில் ஏறுவார். டி40.4 என்ற குறியீட்டுக்குள் கள்ள ஃபென்டனிலும் மருத்துவமனை ஃபென்டனிலும் டிராமடால் என்ற வலிநிவாரணியும் ஒன்றாகக் கிடக்கின்றன. இதனால் ஃபென்டனில் அலை எழுந்த முதல் ஆண்டுகளில், மருந்துச்சீட்டு மரணம் கூடுகிறது என்று படித்துக்கொண்டு மருத்துவர்களை நெருக்கியவர்கள் பலர். சிடிசி 2016இல் தொடங்கிய சூடார்ஸ் என்ற திட்டம் இதைச் சரிசெய்ய வந்தது. சான்றிதழ், ரத்தப் பரிசோதனை, சம்பவ இடத்து அறிக்கை மூன்றையும் சேர்த்துப் படித்து, ஊசி இருந்ததா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா, ஓவர்டோஸை முறிக்கும் மருந்தான நலாக்ஸோன் கொடுக்கப்பட்டதா, அண்மையில் சிறையிலிருந்து வந்தவரா என்றெல்லாம் குறிக்கிறார்கள். என் கணிப்பில் அமெரிக்கா இந்தத் துறையில் செய்த உருப்படியான காரியங்களில் இது முன்வரிசையில் நிற்கும். எத்தனை பேர் என்பதிலிருந்து எப்படி என்பதற்கு நகர்ந்த பிறகுதான் தடுப்பதைப் பற்றிப் பேசவே முடியும்.

ஆனால் இதுவும் தாமதமாக வரும் கணக்கு. சிடிசி மாதந்தோறும் வெளியிடும் தற்காலிக எண்ணிக்கையே நான்கு மாதம் பின்தங்கியது. ஓர் ஊருக்குள் புதிய கலவை வந்து இறங்கினால் நான்கு மாதம் காத்திருக்க முடியாது. 2016 ஆகஸ்ட் 15ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டனில் நடந்ததைப் பாருங்கள். சுமார் 50,000 பேர் வாழும் நகரம். அன்று பிற்பகலில் சில மணி நேரத்துக்குள் 26 பேர் மூச்சடங்கி விழுந்ததாக அழைப்புகள் வந்தன, ஆம்புலன்ஸ்கள் போதவில்லை. பிறகு பரிசோதித்ததில், யானை போன்ற பெரு விலங்குகளை மயக்கப் பயன்படும் கார்ஃபென்டனில் தென்பட்டது. முதலுதவிப் பணியாளர்கள் பெரும்பாலோரைக் காப்பாற்றினார்கள். ஆனால் மருத்துவமனையில் கண் விழித்தவர்கள் அப்படியே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், சிகிச்சையோடு யாரும் இணைக்கப்படவில்லை என்று பின்னர் வந்த ஆய்வு சொன்னது. அந்தச் சூட்டில்தான் அந்நகரம் 2017இல் ஒரு விரைவுக் குழுவை அமைத்தது: ஒரு முதலுதவிப் பணியாளர், ஓர் ஆலோசகர், ஒரு காவலர், ஒரு மதப் பணியாளர். ஓவர்டோஸில் பிழைத்தவரின் வீட்டுக் கதவை மூன்று நாளுக்குள் தட்டிப் பேசுவது அவர்கள் வேலை. இதற்கு வேண்டியது ஒரு முகவரியும் ஒரு தேதியும்தான். அவை அன்றே கிடைக்க வேண்டும். 2017இலேயே வாஷிங்டன்–பால்டிமோர் பகுதியில் தொடங்கிய ஓடிமேப் இந்த நோக்கத்துக்கானது. ஆம்புலன்ஸ் பணியாளர் சம்பவத்தை அலைபேசியில் பதிந்தவுடன் வரைபடத்தில் புள்ளி விழும், ஒரு பகுதியில் வழக்கத்தைவிடப் புள்ளிகள் கூடினால் பக்கத்து மாவட்டங்களுக்கும் எச்சரிக்கை போகும். இதில் ஒரு கவலையும் உண்டு. அந்த வரைபடத்தைச் சுகாதாரத் துறையோடு காவல்துறையும் பார்க்கிறது. உதவிக்கு அழைத்தால் வழக்கு வரும் என்ற அச்சம் பரவிவிட்டால், யாரும் அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்கமாட்டார்கள், வரைபடமும் காலியாகிவிடும். அழைத்தவரைக் கைது செய்யக்கூடாது என்ற பாதுகாப்புச் சட்டங்களைப் பெரும்பாலான மாநிலங்கள் இயற்றியிருப்பது இதற்காகத்தான்.

ஓவர்டோஸில் உயிர் போவது மூச்சு நிற்பதால். மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் நரம்பணுக்களை ஓபியாய்டு அமுக்கிவிடுகிறது; உதடும் நகமும் நீலம் பாயும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், தொண்டையில் குறட்டை போன்ற ஓர் ஒலி வரும், பிறகு அதுவும் நிற்கும். நலாக்ஸோன், ஓபியாய்டு ஒட்டியிருக்கும் அதே நரம்பணு ஏற்பிகளில் போய் உட்கார்ந்து அதைத் தள்ளிவிடும். 1961இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு 1971இல் அனுமதி பெற்ற பழைய மருந்து அது. சிகாகோவில் ஒரு தொண்டு அமைப்பு 1996 முதலே போதை ஊசி போடுகிறவர்களின் கையிலேயே அதைக் கொடுத்து வந்தது; அப்போது பலர் முகம் சுளித்தார்கள். மூக்கில் அடிக்கும் 4 மில்லிகிராம் ஸ்பிரே 2015இல் வந்தது, மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்ற அனுமதி 2023 மார்ச்சில் கிடைத்தது. அப்போது இரண்டு ஸ்பிரே கொண்ட பெட்டி சுமார் 45 டாலராக இருந்தது. இலவசமாகக் கொடுக்கும் இடங்களும் ஏராளம். செய்முறை இவ்வளவுதான்: ஆளை உலுக்கிக் கூப்பிட்டுப் பார்த்து, 911ஐ அழைத்து, ஒரு நாசியில் ஸ்பிரேயை முழுவதும் அழுத்தி, மூச்சு வரும் வரை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பது, இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றமில்லை என்றால் இரண்டாவது ஸ்பிரே. எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று விட்டுப் போகக் கூடாது, ஏனெனில் நலாக்ஸோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், உடலில் உள்ள ஓபியாய்டு அதற்குப் பிறகும் மிஞ்சியிருக்கலாம். ஃபென்டனிலோடு சைலஸீன் என்ற கால்நடை மயக்கமருந்தைக் கலப்பது பிலடெல்பியாவில் பெருகிப் பரவிய பிறகு, நலாக்ஸோன் கொடுத்தும் கண் விழிக்காதவர்கள் கூடினார்கள். சைலஸீனுக்கு அது மாற்றுமருந்து அல்ல. மூச்சு திரும்பியதா என்பதே அங்கே பார்க்க வேண்டியது. இத்தனையும் பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான். பூட்டிய அறைக்குள் தனியாக இருப்பவருக்கு எந்த ஸ்பிரேயும் உதவாது.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது சிகிச்சையைப் பற்றி. மாசசூசெட்ஸ் மாநிலம் 2015இல் ஒரு சட்டம் இயற்றி, மருத்துவமனை, ஆம்புலன்ஸ், மருந்துச்சீட்டுப் பதிவேடு, சிறை, இறப்புப் பதிவு என்று தனித்தனியே கிடந்த தரவுகளை, ஆட்களின் அடையாளத்தை மறைத்து, ஒன்றோடொன்று இணைத்தது. அதிலிருந்து எழுந்த ஓர் ஆய்வு, ஓவர்டோஸில் பிழைத்த 17,568 பேரைப் பின்தொடர்ந்தது. ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மருந்துகளில், மெத்தடோன் பெற்றவர்களிடையே ஓபியாய்டு மரணம் 59 விழுக்காடும், பியூபிரனார்ஃபின் பெற்றவர்களிடையே 38 விழுக்காடும் குறைவாக இருந்தது. ஆனால் அடுத்த ஓராண்டில் இந்த மருந்துகளில் ஏதேனும் ஒன்றைப் பெற்றவர்கள் பத்தில் மூன்று பேர்தான். மாரடைப்பில் பிழைத்தவர்களில் பத்தில் ஏழு பேரை மருந்தில்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் அந்த மருத்துவமனையை என்ன சொல்வோம்?

இம்மருந்துகளும் ஓபியாய்டுதானே, ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்ற கேள்வி எப்போதும் வரும். மெத்தடோன் நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்வதால் ஏற்றமும் இறக்கமும் இல்லை. பியூபிரனார்ஃபின் ஏற்பியைப் பாதி மட்டுமே தூண்டுவதால் அளவைக் கூட்டினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் மூச்சை அமுக்காது. மருந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவரைப் போதையில் இருப்பவர் என்று சொல்வதில் நியாயமில்லை. பிரான்சு 1990களின் நடுவில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே பியூபிரனார்ஃபின் எழுதலாம் என்று திறந்துவிட்டபோது, ஹெராயின் ஓவர்டோஸ் மரணம் நான்கே ஆண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அமெரிக்காவிலோ ஆக்ஸிகோடோன் எழுத எந்தத் தனிப் பயிற்சியும் கேட்கப்படவில்லை. அதன் சிகிச்சையான பியூபிரனார்ஃபினை எழுத மட்டும் சிறப்பு அனுமதி கேட்டார்கள். அந்த வினோதம் 2022 டிசம்பர் இறுதியில் கையெழுத்தான சட்டத்தால்தான் நீங்கியது.

சிறை இன்னொரு கண்ணி. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வின்படி, முதல் இரண்டு வாரத்தில் அவர்களுக்கு ஓவர்டோஸால் சாகும் ஆபத்து பொதுமக்களைவிட 129 மடங்கு. உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது, வெளியே வந்ததும் பழைய அளவையே எடுக்கிறார்கள். ரோட் ஐலண்ட் மாநிலம் 2016இல் தன் சிறைகளுக்குள்ளேயே மெத்தடோன், பியூபிரனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் என்ற மூன்று மருந்துகளையும் கொடுக்கத் தொடங்கியது; ஓவர்டோஸில் இறந்தவர்களிடையே அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்களின் பங்கு ஓராண்டில் 61 விழுக்காடு குறைந்தது. எண்ணிக்கை சிறியதுதான், 26இலிருந்து 9. ஆனாலும் யார் சாகப்போகிறார், எந்த வாரத்தில் என்பதுவரை முன்கூட்டியே தெரிந்த ஒரு கூட்டத்தில் அது நடந்தது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

2022இல் ஏறக்குறைய 1,08,000 ஆக இருந்த மொத்த ஓவர்டோஸ் மரணம் 2024இல் சுமார் 80,000 ஆக இறங்கியது. நலாக்ஸோன் பெருகியது, சிகிச்சை கூடியது, கள்ளச்சந்தையில் ஃபென்டனிலின் வீரியம் குறைந்தது, ஆபத்தில் இருந்தவர்களில் பலர் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்றே படுகிறது. யாராவது ஒரே காரணத்தைச் சொல்லிப் பெயர் வாங்கப் பார்த்தால் நம்ப வேண்டாம். சந்தையோ ஓய்வதில்லை: பிலடெல்பியாவில் சைலஸீன் இருந்த இடத்துக்கு 2024 முதல் மெடிடோமிடின் என்ற இன்னொரு மயக்கமருந்து வந்துவிட்டது. தெருவில் விற்கும் பொடியை ஆய்வகத்தில் சோதித்துச் சொல்லும் மையங்கள் இருந்ததால்தான் அது வெளியே தெரிந்தது. இந்த வகைக் கண்காணிப்பில் மருந்துச்சீட்டுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி இந்தியா. இங்கே ஷெட்யூல் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. டிராமடால் 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவரப்பட்டது. இவற்றை மின்னணுவில் இணைப்பதால் கேடில்லை, மருந்துக்கடை வழியாகப் போகும் மாத்திரைக்கு அது உதவவும் செய்யும். ஆனால் நம் குறை வேறிடத்தில் இருக்கிறது. மத்திய சமூகநீதித் துறைக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, ஓபியாய்டு பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் ஏறக்குறைய 77 லட்சம் என்றது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ போதைப்பொருள் ஓவர்டோஸ் மரணம் என்று ஆண்டுக்குச் சில நூறைத்தான் காட்டுகிறது. இந்த இரண்டு எண்களும் ஒரே நாட்டில் உண்மையாக இருக்க முடியாது. பதிவாகும் இறப்புகளில் மருத்துவரால் காரணம் சான்றளிக்கப்படுவது 2020இல் 22.5 விழுக்காடுதான், மற்றவற்றில் மூச்சடங்கிய இளைஞனின் மரணம் மாரடைப்பு என்றோ, குடும்ப மானம் கருதி வேறெதுவாகவோ போய்ச் சேரும். ஆகவே நான் முதலில் கேட்பது மாத்திரைப் பதிவேட்டை அல்ல. ஐயத்துக்குரிய மரணங்களில் உள்ளுறுப்புப் பரிசோதனை முடிவு ஆண்டுக்கணக்கில் தேங்காமல் வந்து சேர்வதையும், அதில் பொருளின் பெயர் எழுதப்படுவதையும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் கீழ் ஏற்கெனவே நடக்கும் பியூபிரனார்ஃபின் மையங்கள் ஊசி போடுகிறவர்களைத் தாண்டி மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கும் விரிவதையும்தான்.

பதிவேடு வந்தே தீரும் என்றால் 1985ஐ மறக்கக் கூடாது. அவ்வாண்டு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால், ஒரு புட்டி மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. மருத்துவமனைகள் அதை வாங்குவதையே நிறுத்தின. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. உலகுக்கே அபினி விளைவித்துக் கொடுக்கும் நாட்டில் புற்றுநோயாளிகள் வலி மருந்தில்லாமல் செத்தார்கள். கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, ஒரே உரிமம் போதும் என்றானது. நடைமுறையில் பல மாவட்டங்களில் இன்றைக்கும் வாய்வழி மார்ஃபின் கிடைப்பதில்லை. எனவே புதிய பதிவேட்டுக்கு விதி எழுதும் குழுவில் காவல்துறை அதிகாரியும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியும் இருக்கும் மேசையில், வலித்தணிப்புச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் ஒருவருக்கும் போதை மறுவாழ்வு மருத்துவர் ஒருவருக்கும் வாக்குரிமையோடு நாற்காலி வேண்டும்.